ஹேண்ட்போன் மூளையைத் தின்னுமா?

கிள்ளானிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விட்டுவிடுகிறேன். முன்பு காப்பார் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்த குடும்பம். தோட்டம் கைமாறியபின் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கணவர் லாரி ஓட்டுகிறார். இவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஒன்பது வயது மகளையும் மூன்று வயது மகனையும் மாமியார்தான் பார்த்துக்கொள்கிறார். கடிதத்தின் கடைசிப் பகுதி இது:

"ஹேண்ட்போன் புள்ளைங்க மூளையத் தின்னுடும்னு பக்கத்து வீட்டு அக்கா சொல்றாங்க. நெசமா டீச்சர்? எனக்குப் பயமா இருக்கு. ஆனா அதைப் பிடுங்கிட்டா எங்க அத்தையால இவனைச் சமாளிக்க முடியாது. அவங்களுக்கு முட்டி வலி. சின்னவன் பேச்சும் இன்னும் சரியா வரல."

இந்த வரிகளை நான் மூன்று முறை படித்தேன். அந்த அக்காவின் பயத்துக்குப் பதில் சொல்வது சுலபம். முட்டி வலிக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். இருந்தாலும் சுலபமானதை முதலில் பார்த்துவிடுவோம்.

கைபேசியிலிருந்து வரும் அலை மூளையைச் சுட்டுவிடும், கட்டி வரும் என்ற பேச்சு நேற்று வந்ததல்ல. கைபேசி செங்கல் அளவு இருந்த காலத்திலிருந்தே இருக்கிறது. இதற்கு ஓர் ஆதாரமும் காட்டுவார்கள். 2011-ஆம் ஆண்டு மே மாதம், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரில் கூடி, கைபேசி அலைகளைப் 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பட்டியலில் சேர்த்தது. செய்தி உலகம் முழுவதும் ஓடியது. ஆனால் அந்தப் பட்டியலில் வேறு என்னென்ன இருக்கின்றன என்று யாரும் சேர்த்துச் சொல்லவில்லை. சீனர்களும் கொரியர்களும் பழைய முறையில் உப்பிட்டு ஊறவைக்கும் காய்கறிகளும் அதே 2பி-யில்தான் இருக்கின்றன. 'சந்தேகம் இருக்கிறது, சான்று போதவில்லை, இன்னும் ஆராயுங்கள்' என்பதுதான் அந்தப் பட்டியலின் பொருள்.

அதன்பிறகு ஆராய்ந்தார்கள். மூளைக் கட்டி வந்த பத்து வயது முதல் இருபத்து நான்கு வயது வரையுள்ள ஏறத்தாழ 900 பேரைப் பதினான்கு நாடுகளில் கண்டறிந்து, கட்டி இல்லாத பிள்ளைகளோடு ஒப்பிட்டு, யார் எவ்வளவு நேரம் கைபேசியில் பேசினார்கள் என்று கணக்கெடுத்தார்கள். 'மோபி-கிட்ஸ்' என்று அந்த ஆய்வுக்குப் பெயர். அதிகம் பேசியவர்களுக்கு அதிகம் கட்டி வந்ததாகத் தெரியவில்லை என்று 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். 2024 செப்டம்பரில், உலகச் சுகாதார நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில், 1994 முதல் 2022 வரை வந்த 63 ஆய்வுகளை ஆஸ்திரேலிய அறிஞர்கள் தலைமையில் ஒரு குழு அலசிப் பார்த்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் கைபேசி வைத்திருந்தவர்களுக்கும் மூளைப் புற்றுநோய் கூடவில்லை என்றே அதுவும் சொன்னது.

ஏன் அப்படி என்று என் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் கேட்டார்கள். எக்ஸ்ரே கதிர் நம் உடம்பில் உள்ள மூலக்கூறுகளை உடைக்கும் பலம் உள்ளது. கைபேசியின் அலை ரேடியோ, டெலிவிஷன் அலைகளின் சாதியைச் சேர்ந்தது. அதற்கு அந்தப் பலம் இல்லை. ஆயிரம் பேர் சேர்ந்து ஊதினாலும் ரப்பர்க் கொட்டை உடையாது, ஒரு கல் போதும் என்று சொன்னேன். பாவம், அவர்களில் பாதிப் பேர் ரப்பர்க் கொட்டையையே பார்த்ததில்லை. எங்கள் தோட்டம் செம்பனைக்கு மாறிப் பல காலமாகிறது. மறுநாள் ஒன்றைத் தேடிக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியிருந்தது.

அலை கொஞ்சம் சூடாக்கும். அது உண்மை. பிள்ளைகளின் மண்டை ஓடு மெல்லியது, மூளையும் சிறியது. அதனால் காதில் வைத்துப் பேசும்போது பெரியவர்களைவிட அவர்களின் மூளையில் சராசரியாக இரண்டு மடங்கு அலை சேரலாம் என்று அந்த லியோன் அறிக்கையே சொல்கிறது. தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். கைபேசி, கோபுரம் தொலைவில் இருந்தால் உரக்கக் கத்தும். அதாவது, சிக்னல் ஒரே ஒரு கோடு காட்டும் இடத்தில்தான் அது அதிக பலத்தோடு அலையை அனுப்புகிறது. அதனால் செம்பனை ஓரத்தில் நின்று பாட்டியோடு பேச வேண்டுமானால், பிள்ளையின் காதில் ஒட்ட வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டுப் பேசவிடுங்கள். பயத்தினால் சொல்லவில்லை. செலவில்லாத ஜாக்கிரதை, அவ்வளவுதான்.

ஆக, அந்த அக்கா சொன்னபடி மூளையைத் தின்னும் பூச்சி எதுவும் கைபேசிக்குள் இல்லை. ஆனால் தாயே, இதைக் கேட்டு நிம்மதியாகக் கைபேசியைச் சின்னவன் கையில் திரும்பக் கொடுத்துவிடாதீர்கள். இன்றைய பிள்ளைகள் கைபேசியைக் காதில் வைக்கிறார்களா என்ன? கண்ணுக்கு முன்னால் அல்லவா வைத்திருக்கிறார்கள்! கைபேசி கையில் இருக்கும் அந்த நேரத்தில் பிள்ளை எதையெல்லாம் செய்யாமல் விடுகிறான் என்பதுதான் என் கவலை.

இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊருக்குப் புத்தி சொல்லும் டீச்சர் வீட்டுக் கதை.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளிகளை மூடினார்கள். பாடம் கைபேசிக்கு வந்தது. அதற்கு முன்பு வரை, 2009-இல் கல்வி அமைச்சு அனுப்பிய சுற்றறிக்கைப்படி, மாணவர்கள் கைபேசியைப் பள்ளிக்குக் கொண்டுவரவே கூடாது என்று பையைச் சோதித்தவர்கள் நாங்கள். அதே நாங்கள் இப்போது, "அம்மா, தயவுசெய்து பிள்ளைக்குக் கைபேசியைக் கொடுங்கள்" என்று வீடு வீடாகக் கெஞ்சினோம். அந்த ஆண்டு அமைச்சு எடுத்த கணக்கில் ஏறத்தாழ 37 விழுக்காட்டுப் பிள்ளைகளிடம் எந்தச் சாதனமும் இல்லை. கைபேசி இருந்தவர்கள் ஏறத்தாழ 46 விழுக்காடு. எங்கள் லயத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு கைபேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அவர் திரும்பி, குளித்து, சாப்பிட்ட பிறகு, இரவு ஒன்பது மணிக்கு மூன்று பிள்ளைகள் வரிசையில் நின்று பாடம் எழுதினார்கள். டாப்-அப் போடக் காசில்லாத வாரங்களில் அதுவும் இல்லை. அந்தப் பிள்ளைகள் இழந்ததும் நிஜமான இழப்பு. கைபேசியே கூடாது என்று என்னால் ஒருநாளும் சொல்ல முடியாததற்கு அந்த வரிசையும் ஒரு காரணம்.

என் வீட்டில் நேர்மாறு. நான் மடிக்கணினியில் வகுப்பு நடத்தினேன். அப்போது ஐந்து வயதாயிருந்த என் மகன் குறுக்கே வராமல் இருக்க, பழைய கைபேசி ஒன்றைக் கையில் கொடுத்தேன். காலை எட்டு மணிக்குக் கொடுத்தால் பத்து மணி வரை சத்தமே வராது. பிறகு பன்னிரண்டு மணி வரை வரவில்லை. பிறகு சாப்பாட்டுக்கும் அதுவே என்றாயிற்று. ஊரார் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்திக்கொண்டு என் பிள்ளையை ஒரு கண்ணாடித் துண்டிடம் விட்டிருந்தேன். 2022 மார்ச்சில் அவன் ஒன்றாம் ஆண்டுக்குப் போனான். ஒரு வாரம் கழித்து அவனுடைய ஆசிரியை, என்னைவிட வயதில் சிறியவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. தம்பிக்கு ஒரு கதையை முழுசாக் கேட்க முடியல. பாதியில எழுந்து போயிடறான்." அன்று வீடு வந்து சேரும்வரை எனக்குப் பேச்சு வரவில்லை.

அவன் மூளை கெட்டுப் போய்விடவில்லை. இப்போது பெரிய பையன், நன்றாகப் படிக்கிறான். ஆனால் ஒரு கதையை உட்கார்ந்து கேட்கப் பழக்க எனக்கு ஓராண்டு ஆயிற்று.

இனி பேச்சு வராத சின்னவனிடம் வருகிறேன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பேட்ரீஷியா கூல் என்ற அறிஞர் செய்த சோதனை ஒன்றை 2003-இல் வெளியிட்டார். நம் நாட்டு மக்களுக்கு அது நன்றாகப் புரியும். ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். சீன மொழி பேசுபவர்கள் அவர்கள் முன்னால் தரையில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் படித்து, சீனத்தில் விளையாட்டுக் காட்டினார்கள். மொத்தம் பன்னிரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 25 நிமிடம். அந்தக் குழந்தைகள் ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலிகளை வேறுபடுத்திக் கேட்கக் கற்றுக்கொண்டன. வேறொரு குழுவுக்கு, அதே ஆட்கள், அதே பொம்மை, அதே பேச்சு, ஆனால் டெலிவிஷன் திரையில். அவர்கள் கற்றது என்ன தெரியுமா? ஒன்றுமில்லை. சீனமே கேட்காத குழந்தைகளுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

குழந்தைக்கு ஆள் வேண்டியிருக்கிறது. அது 'ங்கா' என்றால் திரும்ப 'ங்கா' என்று சொல்லும் ஆள். திரை பேசும், கேட்காது. எங்கள் பாலர் வகுப்புக்கு வரும் சில பிள்ளைகள் நிறங்களையெல்லாம் ஆங்கிலத்தில் கார்ட்டூன் குரலில் ஒப்பிக்கிறார்கள். "தண்ணி வேணுமா?" என்றால் முகத்தையே பார்க்கத் தெரியவில்லை. பெற்றோருக்கோ, பிள்ளை இங்கிலீஷ் பேசுகிறான் என்று பெருமை.

மூளையைப் படம் பிடித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில், மூன்று முதல் ஐந்து வயதுள்ள 47 பிள்ளைகளைக் கொண்டு செய்த ஆய்வு 2020-இல் வந்தது. திரை அதிகம் பார்த்த பிள்ளைகளுக்கு, பேச்சுக்கும் படிப்புக்கும் உதவும் நரம்பு இணைப்புகள் அவ்வளவு கட்டுக்கோப்பாக இல்லை என்று கண்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா இதைப் படித்தால் குதிப்பார். பொறுங்கள். 47 பிள்ளைகள் என்பது எங்கள் பள்ளியில் இரண்டு வகுப்பு. அதோடு, திரை பார்த்ததால் அப்படி ஆயிற்றா, பேச ஆளில்லாத வீட்டில் திரையும் அதிகம் ஓடியதா என்று படம் சொல்லாது. அந்த ஆய்வாளர்களும் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லவில்லை.

உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் ஓர் அளவு வைத்தது. ஒரு வயது வரையிலும், ஒன்று முடிந்து இரண்டு வயதாகும் வரையிலும் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் நல்லது. வெளியூரில் லாரியோடு இருக்கும் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதைக் குழந்தை மருத்துவர்கள் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அங்கே மறுபக்கத்தில் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார் அல்லவா?

ஆனால் தாயே, மூன்று வயதாகியும் பேச்சு சரியாக வரவில்லை என்றால் பழியைக் கைபேசி மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும் பேச்சு வராது. வேறு காரணங்களும் உண்டு. ஊசி போட எடுத்துப்போகும் அந்தச் சுகாதாரப் புத்தகத்தோடு கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய், "என் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகிறது, காதைச் சோதிக்க வேண்டும்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. இதில் ஆறு மாதம் காத்திருப்பது பெரிய நஷ்டம். மற்றவற்றுக்கெல்லாம் பொறுக்கலாம், இதற்குப் பொறுக்காதீர்கள்.

பெரியவளுக்கு வேறு பிரச்சினை. கடிதத்தில் நீங்கள் ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்: "அவ ராத்திரி பதினொன்றரை வரைக்கும் பார்ப்பா, ஆனா படிப்பா." ஒன்பது வயதுப் பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்க வேண்டும்? ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள் தூக்க மருத்துவர்கள். பள்ளி வேன் ஆறேகாலுக்கு வந்தால் பிள்ளை ஐந்தரைக்கு எழ வேண்டும். ஐந்தரையிலிருந்து ஒன்பது மணி நேரம் பின்னால் எண்ணிப் பாருங்கள். இரவு எட்டரை! பதினொன்றரைக்குப் படுத்தால் ஆறு மணி நேரத் தூக்கம். மீதி மூன்று மணி நேரத்தை அவள் என் போன்ற ஒரு டீச்சரின் கணக்குப் பாடத்தில் தூங்கி ஈடுகட்டுகிறாள். காலை பத்து மணிக்கு மேசையில் சாயும் தலைகளை நான் தினமும் எண்ணுகிறேன்.

இருட்டானதும் மூளை ஒரு சுரப்பை விடும், மெலடோனின் என்று பெயர். தூக்கத்துக்கு அது பாய் விரிக்கும். வெளிச்சம் பட்டால் சுருட்டிக்கொள்ளும். படுப்பதற்கு முன் நான்கு மணி நேரம் ஒளிவிடும் திரையில் படித்தவர்களுக்கும் அச்சுப் புத்தகம் படித்தவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை ஹார்வர்ட் மருத்துவர்கள் பார்த்தார்கள். திரையில் படித்தபோது அந்தச் சுரப்பு பாதிக்கு மேல் குறைந்தது, தூக்கம் வரப் பத்து நிமிடம் கூடியது, மறுநாள் காலையில் மந்தம். அது பன்னிரண்டு பெரியவர்களிடம் செய்த சோதனைதான். பிள்ளைகளின் கண் இன்னும் அதிகமாக வெளிச்சத்தை உள்ளே விடும்.

கண் என்றதும் ஒன்று. ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளின் பார்வையைச் சோதிக்கப் பள்ளிக்குச் சுகாதாரக் குழு வரும். கண்ணாடிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தால், அதை அலமாரியில் வைத்துவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கிட்டப்பார்வைக்குக் கைபேசி மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. வெயில் படாமல் வளர்வதும் காரணம். சீனாவின் குவாங்சோ நகரில் பன்னிரண்டு பள்ளிகளில் பார்த்தார்கள். பாதிப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளை நாளுக்கு 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டுகளில், வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 விழுக்காட்டினருக்கும், விடாத பள்ளிகளில் 39.5 விழுக்காட்டினருக்கும் கிட்டப்பார்வை வந்தது. நாற்பது நிமிட வெயில்! லயத்தில் வளர்ந்த நமக்கு அது தானாகவே கிடைத்தது. பன்னிரண்டாம் மாடியில் வளரும் பிள்ளைக்கு ஒருவர் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனால்தான் உண்டு.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் லயத்தில் ஒரே வீட்டில்தான் டெலிவிஷன். கண் போய்விடும், படிப்பு போய்விடும் என்று அப்போதும் பெரியவர்கள் சொன்னார்கள். அவர்களை நாங்கள் கேலி செய்ததுண்டு. ஆனால் அந்தப் பெட்டி இரவில் கொடி காட்டி, பாட்டுப் போட்டு, தானே அணைந்துவிடும். கைபேசிக்கு அப்படி ஒரு கடைசிப் பாட்டு இல்லை. ஒன்று முடியும் முன் அடுத்தது ஓடத் தொடங்குகிறது. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2026 முதல் தடுப்போம் என்று நம் தொடர்பு அமைச்சர் 2025 நவம்பரில் அறிவித்தார். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10-இல் அப்படி ஒரு சட்டம் நடப்புக்கு வந்தது. வரவேற்கிறேன். ஆனால் உங்கள் மகள் பார்ப்பது உங்கள் கைபேசியில், உங்கள் பெயரில் உள்ள கணக்கில் அல்லவா? சட்டம் அடுப்படி வரை வராது.

கைபேசியைச் சாபமிடவும் எனக்கு மனமில்லை. போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது, தெரியுமல்லவா? வெள்ளைக் கோலோடு நின்ற ஓர் ஐயா, கைபேசியைக் காதருகே வைத்து, அது படித்துச் சொல்லும் செய்தியைக் கேட்டு, பதிலும் சொல்லிவிட்டுச் சாலையைக் கடந்தார். அவருக்கு அது கண்.

சரி, முட்டி வலிக்கு வருவோம். உங்கள் மாமியாரால் சின்னவன் பின்னால் ஓட முடியாது. ஓட வேண்டாம். அவர் பால் வெட்டியவர் என்று எழுதியிருக்கிறீர்கள். விடியற்காலை பெரட்டுக்குப் போனது, தண்டல் திட்டியது, பால் வாளியோடு வழுக்கி விழுந்தது, மழை பிடித்துக்கொண்டு அன்றைய கூலி போனது, இவையெல்லாம் அவரிடம் கதையாக இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சொல்லலாம். பழைய பால் டின்னும் இரண்டு கரண்டியும் கொடுத்தால் பையன் அரை மணி நேரம் தட்டுவான். சத்தம் வரும், கீழ்மாடிக்காரர் முறைப்பார். அவரிடம் சிரித்துவிடுங்கள்.

முதலில் சாப்பாட்டு நேரத்துக் கைபேசியை மட்டும் நிறுத்துங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கினால் வீடு போர்க்களமாகும், மூன்றாம் நாள் நீங்களே தோற்பீர்கள். நான் தோற்றிருக்கிறேன். நாலைந்து நாள் அழுவான். சில வேளை குறைவாகச் சாப்பிடுவான். பசித்தால் தானே கேட்பான். பிறகு பெரியவளின் இரவு. எங்கள் வீட்டில் எட்டரை மணிக்கு எல்லாக் கைபேசிகளும் அடுப்படியில் அரிசி டின் மேல் போய் உட்கார்ந்துவிடும். என்னுடையதும்தான். அதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. உங்கள் கணவருக்கு வேலை அழைப்பு வரும் என்றால் அவருடையது மட்டும் கூடத்தில், சத்தம் திறந்தபடி இருக்கட்டும். படுக்கை அறைக்குள் எதுவும் வேண்டாம். ஷிப்ட் முடிந்து வரும் நாட்களில் பத்து நிமிடம், கைபேசியைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டுப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்காருங்கள். களைப்பாகத்தான் இருக்கும். எனக்குத் தெரியும்.

கிளினிக்கில் காதைச் சோதித்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

பிள்ளைக்குப் பால்பல் விழுமுன்பே பின்னால் புதுப்பல் முளைக்கிறது என்று கேட்ட பந்திங் சகோதரிக்கு அடுத்த இதழில்.